பறையும் மேடையும் : நாட்டுப்புறக் கலைவிழாக்கள் சமூக மாற்றத்துக்கு உதவும் வகை

1. ஆய்வுப் பொருள்

நாட்டுப்புற மக்கள் தம் வாழ்க்கையோடு ஒட்டி ஆடியும் பாடியும் வளர்த்த கலைகளை நாட்டுப்புறக் கலைகள் என்கிறோம். அவை தோன்றி வளர்ந்த இடங்கள் கோயில் முற்றம், களத்துமேடு, தெருச்சந்தி, இடுகாட்டு வழி முதலியன. இக்காலத்தில் அவற்றுக்குப் புதியதோர் இடம் வாய்த்துளது. அரசும் கல்லூரிகளும் கலை மன்றங்களும் விழா எடுக்கின்றன. பல ஊர்க் கலைஞர்களை ஒரு மேடையில் நிறுத்தி நகரத்தாரும் காணச் செய்கின்றன. இத்தகைய விழாக்களால் கலை அழியாமல் காக்கப்படுகிறது என்றும், கலைஞர் மதிப்புப் பெறுகின்றனர் என்றும், சமூகத்தில் உயர்வு தாழ்வு குறைகிறது என்றும் பலர் கூறக் கேட்கிறோம். முதல் இரண்டு கூற்றுகளும் ஒருவாறு ஏற்கத்தக்கனவே. மூன்றாவது கூற்றோ ஆராய்ந்து கொள்ளற்பாலது. ஒரு மாலைப் பொழுதில் நிகழும் ஆட்டம், பல நூறு ஆண்டுகளாக வேரூன்றிய சமூக அமைப்பை அசைக்க வல்லதோ? வல்லதாயின் எவ்வழியால் அசைக்கும்?

இவ்வினாக்களுக்குப் பொதுவகையால் விடை கூறப் புகின் அவ்விடை வெற்றுரையாய் முடியும். ஆதலின் ஒரு கருவியைத் தேர்ந்துகொண்டு, அது மேடை ஏறிய வரலாற்றை நோக்குவோம். அக்கருவி பறை. தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கருவிகளுள் பறையைப் போல இழிவு சுமந்ததும் வேறில்லை. கடந்த 35 ஆண்டுகளில் அதனைப் போல மேடை கண்டு சிறந்ததும் வேறில்லை. எனவே, விழாவின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறிதற்குப் பறையே தக்க சான்றாகும்.

2. பழைய நூல்களில் பறை

பறை என்னுஞ் சொல் முற்காலத்தில் தோற்கருவிகட்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கியது. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, மரம் முதலியவற்றோடு பறையையும் ஒன்றாக வைத்தார். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனத் திணைதோறும் வேறு வேறு பறை காட்டினர். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, பறையனைத் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு சேர்த்துக் குடிகளுள் ஒருவனாகப் போற்றிக் கூறும். 'பறைதல்' என்னும் வினைக்குச் சொல்லுதல் என்பது பொருள். மலையாளத்தில் அப்பொருள் இன்றும் நாள் வழக்கில் உளது. எனவே பறை என்பது ஊர்க்குச் செய்தி சொல்லும் கருவி என்றே பழந்தமிழர் கருதினர் எனல் பொருந்தும்.

சாவுக்கும் பறைக்கும் உள்ள தொடர்பும் புதியதன்று. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மண முழவும் ஒருங்கே ஒலிக்கும் உலகியல்பைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் எடுத்துரைத்தார். மணத்துக்கு முழங்கிய பறையே அன்றைக்கே பிணத்துக்கு முழங்கும் பறையாகவும் ஆதல் கூடும் என நாலடியார் நிலையாமையை உணர்த்தும். இவற்றால் நாம் அறிவது ஒன்றுண்டு. மணத்துக்கும் பிணத்துக்கும் ஒரே கருவி பயன்பட்டது. சாவில் ஒலித்தமையால் அக்கருவிக்கு இழிவு நேர்ந்ததாக அந்நூல்கள் கூறவில்லை. இழிவு பின்னர் வந்தது. அஃது எங்கிருந்து வந்தது என்பதே நாம் அடுத்துக் காண வேண்டுவது.

3. இழிவின் வேர்

பறையின் அமைப்பு எளியது. மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்து வட்டச் சட்டம் செய்வர். அதன் ஒரு முகத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவர். முழக்குவதற்கு முன் தீயில் காட்டிச் சூடேற்றுவர். சூடு ஏற ஏறத் தோல் விறைத்து ஒலி கணீரென எழும். இடத்தோளில் மாட்டி உடலோடு அணைத்துக்கொண்டு, குட்டையான அடிக்குச்சியாலும் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியாலும் அடிப்பர். சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, ஆட்டத்துக்கு ஓர் அடி என அடிவகை பலவுண்டு. பயிற்சி மிக்க ஒருவர் தொலைவிலிருந்தே அடியைக் கேட்டு ஊரில் நிகழ்வது இன்னதெனச் சொல்லிவிடுவார்.

தோலால் ஆகிய கருவியாதலின் தீட்டுடையதாயிற்று என்று கூறுவாருண்டு. அக்கூற்றுப் பொருந்தாது. சபைகளில் வாசிக்கப்பெறும் மிருதங்கத்துக்கும் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலே வேண்டும். அம்மிருதங்கத்தைச் செய்து தருவோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினர் என்பதை, இசைவாணர் டி. எம். கிருஷ்ணா 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் விரிவாக எடுத்துக்காட்டினார். பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவாரும் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் அளித்தவரே. அவர் அளித்த தோல் கோயிலினுள் சென்றது. அவரோ புறத்தே நின்றார். ஆகவே இழிவு தோலில் இல்லை என்பது தெளிவு.

அங்ஙனமாயின் இழிவின் வேர் யாது? கட்டாயமே வேர் என்பது நம் துணிபு. ஊரில் சாவு நேர்ந்தால், இன்ன குடியிற் பிறந்தவர் வந்து பறை முழக்கியே தீர வேண்டும். அக்குடியினரே அயலூர் சென்று சாவுச் செய்தி சொல்ல வேண்டும். ஊர்ச்சாற்றும் அவர் கடமை. வரமாட்டேன் எனச் சொல்ல அவர்க்கு உரிமையில்லை. கூலி பேசவும் உரிமையில்லை. களத்தில் அளக்கும் நெல்லும், சாவு வீட்டில் கிடைக்கும் சிறு காசும் சாராயமுமே பேறு. திறமையுடையவர் முழக்குவார் என்பதன்று, பிறந்தவர் முழக்குவார் என்பதே முறை. ஒரு தொழிலை மறுக்க இயலாதவன் அத்தொழிலின் கலைஞனாக மதிக்கப்படான், ஏவலனாகவே கருதப்படுவான். ஐரோப்பிய மொழிகளில் 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொருளில் வழங்கும் 'பறையா' என்னுஞ் சொல், இக்குடிப்பெயரிலிருந்தே சென்றது என்பதை எண்ணின், ஓர் இசைக்கருவியின் பெயர் எத்துணைச் சுமை தாங்கிற்று என்பது விளங்கும்.

4. மறுத்தலும் மீட்டலும்

இக்கட்டாயத்தை எதிர்த்தோர் இரு வழிகளை மேற்கொண்டனர். முதல்வழி மறுத்தல். 20-ஆம் நூற்றாண்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்கள் பல, சாவுக்குப் பறை முழக்குதலைக் கைவிடுமாறு தம் மக்களை வேண்டின. சில ஊர்களில் பறையைக் கொளுத்தியும் உடைத்தும் தம் மறுப்பைப் புலப்படுத்தினர். இதனால் ஊராரின் பகைக்கும் அடிக்கும் ஆளானோர் பலர். ஆயினும் பறையை விட்டொழித்தாலன்றி மானம் இல்லை என்பது அவர் உறுதி. படித்து வேலைக்குச் சென்ற இளைஞர் பலர், தம் தந்தையின் பறையைக் கண்ணெடுத்தும் பாராதிருந்ததும் இது பற்றியே.

இரண்டாம் வழி மீட்டல். இழிவு கருவிக்கு உரியதன்று. ஆதலின் கருவியை எறிய வேண்டா, கட்டாயத்தை எறிதலே வேண்டும் என்பது இவ்வழியினர் கொள்கை. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990-களில் இக்கொள்கை வலுப்பெற்றது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைச் சார்ந்த தலித் ஆதார மையம் தலித் கலைவிழாக்களை நடத்தியது. அக்கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள்ளேயே கொணர்ந்தார். நாட்டுப்புறவியல் அறிஞரும் பாடகருமான கே. ஏ. குணசேகரன் (1955-2016) தம் 'தன்னானே' கலைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்று பாடினார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் முயற்சியால் தோன்றிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளம்பெண்களுக்குப் பறை கற்பித்து மேடை ஏற்றியது. ஆடவரே முழக்கிய கருவியைப் பெண்கள் தோளில் மாட்டி ஆடியது, தமிழ்நாட்டுக் கலை வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

இவ்விரு வழிகளும் ஒன்றற்கொன்று முரணாவன என்பார் உளர். மேலோட்டமாக நோக்குவார்க்கு அவ்வாறே தோன்றும். ஆயின் இரண்டும் விழைந்தது ஒன்றே. மறுத்தவர், 'எம்மைக் கட்டாயப்படுத்த இயலாது' என்றார். மீட்டவர், 'எம் விருப்பத்தாலேயே முழக்குவோம்' என்றார். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் விருப்பத்துக்கு இடமேது? மறுத்தோர் போரிட்டுப் பெற்ற நிலத்தின்மீதே மீட்டோர் மேடை கட்டினர் என்பது நம் கருத்து.

5. மேடை செய்யும் மாற்றங்கள்

இயக்கங்கள் எடுத்த விழாக்களோடு அரசும் பிறரும் எடுத்த விழாக்களும் பெருகின. தஞ்சையைத் தலைமையிடமாகக் கொண்டு 1986-இல் அமைந்த தென்னகப் பண்பாட்டு மையம் நாட்டுப்புறக் கலைஞர்களை வெளி மாநிலங்களுக்கும் அனுப்பியது. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் தலைநகரின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் பறை முதலிய கலைகளை நிகழ்த்தியது. சில ஆண்டுகள் நின்றிருந்து 2023 சனவரியில் மீண்டும் தொடங்கியது. நாட்டுப்புறக் கலைஞர்க்கெனத் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்ததும் 2007-ஆம் ஆண்டிலேயே ஆகும். இவ்விழாக்களின் வழியே நிகழ்ந்த மாற்றங்களை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, ஏவல் அழைப்பாக மாறுதல். ஊரில் 'வா' என்ற ஆணைக்கு வந்தவர், விழாவுக்கு வேண்டுகோளின்பேரில் வருகிறார். நாளும் நேரமும் ஊதியமும் முன்னரே பேசப்படுகின்றன. ஒப்பந்தம் என்பது இருவர் சமநிலையில் நின்று செய்வது. ஒருமுறை ஒப்பந்தம் செய்து பழகியவர் மறுமுறை ஊராரிடமும் கூலி பேசத் துணிவார். மேடை கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

இரண்டாவது, பிறப்புரிமை கல்வியாக மாறுதல். விழாவில் கண்ட மாணவர் அக்கலையைக் கற்க விரும்புகின்றனர். அவருள் பல குடியினரும் உளர்; ஆணும் பெண்ணும் உளர். கற்பிப்பவர் 'ஆசான்' எனப்படுகிறார். மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக்கலைஞர் வேலு ஆசான் 2025-ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றார். அவர் பெயரோடு ஒட்டி நிற்கும் 'ஆசான்' என்னுஞ் சொல்லே நாம் கூறும் மாற்றத்துக்குச் சான்று. குடிப்பெயரால் அழைக்கப்பெற்றவர் கல்விப்பெயரால் அழைக்கப்பெறுதல் சிறிய மாற்றமன்று. எல்லாரும் கற்கும் கலை ஒரு குடியின் கடமையாக நீடித்தல் அரிது. தமிழர் குடியேறிய அயல்நாடுகளிலும் பொங்கல் விழாக்களில் இளையோர் பறை முழக்குவதை இன்று காண்கிறோம். அவர்க்கு அஃது ஏவலன்று, தமிழ்க்கல்வியின் ஒரு பகுதி.

மூன்றாவது, காண்போர் நிற்கும் இடம் மாறுதல். ஊரில் பறை முழக்குவோர் தெருவில் நிற்பர். ஏவுவோர் திண்ணையில் இருப்பர். விழாவில் முழக்குவோர் உயர்ந்த மேடையில் நிற்க, காண்போர் கீழே அமர்கின்றனர். 2015-இல் சென்னைப் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த விழா இதனை மேலும் ஒருபடி கொண்டுசென்றது. கருநாடக இசையும் பரதமும் மீனவர் குப்பத்துக்கு வந்தன. பறையும் வில்லுப்பாட்டும் அவற்றோடு ஒரே மேடையைப் பகிர்ந்தன. நாட்டுப்புறக் கலை நகரை நோக்கிச் செல்வதே வழக்கமாயிருக்க, இங்குச் சபைக்கலை குப்பத்தை நோக்கிச் சென்றது. 2020 திசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவோ, சபைகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட திங்களில் மக்களின் பாட்டுக்கும் பறைக்கும் இடம் கோரியது. கலை எது, எக்காலத்துக்கு உரியது என்னும் வரையறையையே இவ்விழாக்கள் வினாவுக்கு உள்ளாக்கின.

6. மேடையின் எல்லை

விழாவின் ஆற்றலை இவ்வாறு கூறினோமாயினும், அதன் குறையையும் கூறாது விடுதல் ஆய்வுக்கு அழகன்று. விழாவில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது சில மணித்துளிகளே. இரவு முழுதும் விரியும் அடிவகைகள் அங்குச் சுருங்குகின்றன. விரைந்த ஆட்டமும் ஒரே நிறச் சீருடையும் கைதட்டல் பெறுகின்றன. நுண்ணிய அடிகள் மெல்ல மறைகின்றன. மேலும், கைதட்டியவர் தம் வீட்டுக்கு மீள்கின்றனர். ஆடியவரும் தம் ஊருக்கு மீள்கின்றனர். அங்குச் சேரியும் ஊரும் முன்போலவே இருக்கின்றன. நகரத்தில் பொன்னாடை பெற்றவரையே, மறுநாள் ஊரில் சாவு விழுந்ததெனில் முன்போல் ஏவுவாராயின், அவ்விழா எதனை மாற்றியது?

மேடை தன்னளவில் நன்மையே செய்யும் என்றும் கொள்ளற்க. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் திருவிழா மேடைகளில் நிகழ்ந்த ஆபாச ஆட்டங்கள், குறவர் குடியை இழிவுபடுத்துவன என்று அம்மக்களே முறையிட்டனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2023-இல் தமிழ்நாடு அரசு அவ்வாட்டத்தைத் தடை செய்தது. ஒரு குடியின் பெயரைச் சொல்லி, அக்குடியின் இசைவின்றிப் பிறர் ஏறிய மேடை, இழிவைத் துடையாமல் பெருக்கியதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கொங்கு நாட்டு வள்ளி கும்மி வேறொரு பாடம் தருகிறது. ஆடவரே ஆடிய அக்கலையைப் பெண்களுக்கும் பயிற்றிய முதியவர் பத்திரப்பன் 2024-இல் பத்மசிறீ விருது பெற்றார். இன்று பல்லாயிரம் பெண்கள் அதனை ஆடுகின்றனர். இது போற்றத்தக்க மாற்றமே. ஆயின் அண்மை ஆண்டுகளில் கும்மி நிகழ்ச்சியொன்றில், சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் புரிவோம் எனப் பெண்களை உறுதி கூறச் செய்த செய்தியும் வெளிவந்தது. கலை ஒரு வேலியை உடைத்த அதே களத்தில் மற்றொரு வேலி கட்டப்பட்டது. எனவே விழா என்பது ஒரு கருவியே. அதனைக் கையாள்வோரின் நோக்கத்தைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

7. அளவுகோல்

அங்ஙனமாயின், ஒரு விழா சமூக மாற்றத்துக்கு உதவியதா என்பதை எவ்வாறு அளப்பது? கூடிய மக்கள் தொகையாலா? வழங்கிய விருதுகளாலா? நாம் மேலே கண்டவற்றால் வேறோர் அளவுகோல் பெறப்படுகிறது. மேடை ஏறிய கலைஞர், தம் ஊருக்கு மீண்டபின் 'முழக்கமாட்டேன்' எனச் சொல்ல இயலுமா? இயலுமாயின் அவ்விழா பயன்பட்டது. இயலாதாயின் அது கண்ணுக்கு விருந்தாயிற்று; அவ்வளவே.

இவ்வளவுகோலால் நோக்கின், அண்மையில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளின் உறவு விளங்கும். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறும், அறிவிப்புக்கு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறும் தமிழ்நாட்டு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அடுத்த சனவரியில் சென்னை சங்கமம் மீண்டும் தொடங்கிப் பறை மேடை ஏறியது. ஒருபால் தடையும் ஒருபால் விழாவுமா என வினவுவார்க்கு நம் விடை இது: தடுக்கப்பட்டது கட்டாயம், போற்றப்பட்டது கலை. இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். தண்டோரா நிற்காமல் விழா மட்டும் நடக்குமாயின் அது பொய்ப் பெருமை. விழா இன்றித் தடை மட்டும் வருமாயின், இழிவோடு கலையும் சேர்ந்து அழியும்.

இதனின்று விழா எடுப்போர்க்குச் சில கடமைகள் பெறப்படுகின்றன. கலைஞர் பெயரைக் குழுப்பெயருள் மறைக்காது தனித்தனியே அறிவித்தல் வேண்டும். ஊதியத்தை முன்னரே பேசி, இடைத்தரகரின்றி அளித்தல் வேண்டும். நிகழ்ச்சி நிரலை வகுக்கும் அவையில் கலைஞர்களும் இடம்பெறுதல் வேண்டும். நகரத்தில் நடந்த விழாவைக் கலைஞரின் ஊரிலும், ஊரும் சேரியும் கூடிக் காணும் பொதுவிடத்தில் ஒருமுறையேனும் நடத்துதல் வேண்டும். இறுதியாகக் கூறியதே கடினமானது. அதுவே இன்றியமையாததும் ஆகும். அந்நிகழ்ச்சியில் ஊரார் கீழே அமர்ந்து காண்பாராயின், நூறு நகர மேடைகள் செய்யாததை அஃது ஒன்றே செய்யும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. திணைதோறும் பறை எண்ணிய இலக்கணத்தை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அப்பறையின் அடிகளை அறிந்த முதியவரோ வகுப்பறைக்கு வெளியே உள்ளார். அவர்க்குத் தெரிந்த அடிகளை அவர் பெயராலேயே பதிவு செய்தலும், அவரை ஒரு நாள் விழாவுக்கு அழைப்பதோடு அமையாது ஆசிரியராக அழைத்தலும் நம் கடன். அடிகளை அறிந்தோர் மறையின், உரையாசிரியர் தந்த பெயர்கள் மட்டுமே எஞ்சும், ஒலி எஞ்சாது.

இதுகாறும் கூறியவற்றால், பறைக்கு இழிவு வந்தது தோலால் அன்று, சாவால் அன்று, கட்டாயத்தால் என்பதும், மேடை அக்கட்டாயத்தைத் தளர்த்தும் அளவிற்கே சமூக மாற்றத்துக்கு உதவும் என்பதும், மறுத்தோரும் மீட்டோரும் ஒரே உரிமைக்கு உழைத்தவர் என்பதும் பெறப்பட்டன. கலை என்பது விரும்பிச் செய்வது. விரும்பாதபோது விடலாம் என்னும் உரிமை எவர்க்கு உண்டோ அவரே கலைஞர். அவ்வுரிமையைச் சிற்றூர்ப் பறைக்கலைஞர் ஒவ்வொருவர்க்கும் சேர்க்கும் விழாவே மக்கள் கலைவிழா என்னும் பெயர்க்கு உரியது.